ஒரு புட்டி குழாய்த் தண்ணீர்

தலைமை ஏற்றிருக்கும் போதகர் எஸ்றா அவர்களே, வழக்கறிஞர் சங்கச் செயலாளர் பூதலிங்கம் அண்ணாச்சி அவர்களே, பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அம்மையாரின் தம்பி ஜாபேஸ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரிப் பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில்... பின்வரிசையில் யாரும் இல்லை. சரி, வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஹபீப் முகம்மது, வக்கீல். கடைசி ஆறு வருஷம் அம்மையாரோடு சேர்ந்து ஒரே வழக்குக்காகச் சண்டை போட்டவன். அம்மையாரோடும் சண்டை போட்டவன்.

பேராசிரியர் முனைவர் ரீபா ஜெபஸ்டின்! பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர். எத்தனை வாத்தியார்களை உருவாக்கியவர்! எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தவர்! அந்த அம்மையார் மாரடைப்பில் இறந்தது பக்கத்து வீட்டுக்கே ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?

அவர் ஏன் அப்படித் தனியாகிப் போனார்? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கிராமம். குமரவேல் என்று ஒரு வாழை விவசாயி. அவர் மனைவி இசக்கியம்மாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் படித்துறைக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். முந்தின நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்ததை ஊரே கேட்டிருக்கிறது. போதாதா? தோட்டத்துக் கிணற்றில் அமுக்கிக் கொன்றுவிட்டு ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டான் என்று வழக்கு.

தண்ணீரில் டயட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி உண்டு. மூழ்குகிறவர் மூச்சோடு அது உள்ளே போய் எலும்பு மஜ்ஜை வரைக்கும் ஏறிவிடும். மஜ்ஜையில் இருக்கிற பாசியும் ஆற்றுப் பாசியும் ஒன்றானால் அவர் ஆற்றில் மூழ்கினார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகவில்லை என்று ஆய்வகம் எழுதியது. குமரவேலுக்கு ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டுக்கு அந்த வழக்குக் கட்டு என் கைக்கு வந்தது. ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தண்ணீர் எடுத்த காவலர் கூண்டில் நின்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார்: "ஆத்துல வெள்ளம் போச்சு சார். ஸ்டேஷன் குழாயில பிடிச்சேன். அதுவும் நம்ம தாமிரபரணித் தண்ணிதான சார்!" யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இந்த ஊரில் யாருக்குத்தான் அது தப்பாகத் தோன்றும்? நாம் குடிப்பது, குளிப்பது எல்லாம் அந்த ஆறுதானே!

எனக்கும் சின்ன சந்தேகம்தான். அம்மையார் வீட்டுக்குப் போய், "குழாய்த் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் ஒண்ணுதானம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், காபித் தம்ளரை டொக்கென்று வைத்தார். "அண்ணாச்சி, என்ன பேச்சு பேசுதீங்க! ஆத்துக்குள்ள இறக்குன உறைகிணத்துல மணல் வழியா வடிஞ்சு வாற தண்ணி அது. பாசியெல்லாம் மணல்லயே நின்னுரும். ஒண்ணுமே இல்லாத தண்ணியைக் கொடுத்து ஒத்துப்போகலைன்னு சொன்னா, ஒரு மனுஷன் உள்ள கிடக்கணுமா?" ஏதோ நானே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என்னை ஏசினார்.

அன்றைக்குப் பஸ் ஏறியவர்தான்! ஒரு வருஷம், மாதம் தவறாமல் அதே படித்துறையில் தண்ணீர் எடுத்தார். அந்தத் தோட்டத்துக் கிணற்றிலும் எடுத்தார். கொலை நடந்ததாகச் சொன்ன கிணற்றின் தண்ணீரை அதற்கு முன்னால் யாராவது சோதித்தார்களா? ஒருவரும் இல்லை! துவைக்க வந்த ஒரு அம்மா, "டீச்சரம்மா, ஏசு சாமி கும்பிடுத நீங்களும் தீர்த்தம் எடுக்க வந்தீயளா?" என்று கேட்டாராம். "ஆமா, ஒரு ஆளுக்குப் பாவம் போகணும்" என்றாராம் இவர். என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

மற்றபடி என்ன கிடைத்தது அவருக்கு? ஓய்வு பெற்றவருக்கு ஆய்வகச் சாவி கிடையாது என்றார்கள். சொந்தக் காசில் நுண்ணோக்கி வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "கொலைகாரனுக்குப் போயா?" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். போதகர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் என்னிடம் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். பண்டிகைக்குக்கூட அவர் வீட்டுக்கு ஆள் வருவது நின்றுபோனது.

நீதிமன்ற அனுமதியோடு மஜ்ஜை மாதிரியைப் பார்த்தார். ஆற்றுப் பாசியோடு ஒத்துப்போனது! கிணற்றோடு ஒத்துப்போகவில்லை! கூடுதல் சாட்சியாக அவரை விசாரிக்க உயர்நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் மதுரையில் தேதி. "நீலச் சேலை கட்டவா, வெள்ளை கட்டவா அண்ணாச்சி?" என்று போனில் கேட்டார். கேட்ட மறுவாரமே போய்விட்டார். யா அல்லாஹ், ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா!

அவருடைய அறிக்கை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எழுதியவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்காத அறிக்கையைச் சட்டம் காகிதமாகத்தான் பார்க்கும்.

குமரவேலும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நான் கூப்பிட்டும் அம்மையார் சிறைக்கு வரவில்லை. "பார்த்தா இரக்கம் வந்துரும், அப்புறம் என் சாட்சியில பழுது சொல்லுவாங்க" என்றார். நேற்று முன்தினம் நான்தான் சிறைக்குப் போய்க் குமரவேலிடம் சாவுச் செய்தியைச் சொன்னேன். தன் வழக்கு என்னாகும் என்று கேட்பார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பைய ஒன்று கேட்டார்: "சாவும்போது பக்கத்துல யாரும் இருந்தாங்களா சார்?"

"இல்லப்பா" என்றேன்.

"எனக்காவது இங்கன சுத்தி ஆளு இருக்கு சார்" என்றார். நான் வெளியே வந்து ரோட்டில் நின்று அழுதேன்.

அம்மையார் கேட்டது என்ன பெரிய காரியம்? தடயம் எடுக்கிறவருக்கு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எடுக்கும்போதே படம் பிடிக்க வேண்டும், அந்த இடத்திலேயே முத்திரை வைக்க வேண்டும். ஆய்வகம் காவல்துறையின் கைக்குள் இருக்கக் கூடாது. ஏழைக்கும் அரசுச் செலவில் ஒரு நிபுணர் வேண்டும். இதைக் கேட்டு மனு மேல் மனுவாக அனுப்பினார். இனி நான் அனுப்புவேன். மூச்சு இருக்கும் வரைக்கும் அனுப்புவேன், இது இந்தச் சபையின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

ஆனால் கூண்டில் ஏற என்னால் முடியாது. எனக்குச் சட்டம் தெரியும், பாசி தெரியாது. முன்வரிசையில் இருக்கிற நீங்கள் பாசி படித்தவர்கள். பாதிப் பேர் அவரிடமே படித்தவர்கள். அந்த மாதிரிகளை மறுபடி பார்த்து, கண்டதைக் கண்டபடி மதுரையில் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் கண்டது தப்பென்று தோன்றினால் அதையும் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. வேண்டாம், போதகர் ஐயா. இந்த ஊர் அவருக்கு ஆறு வருஷம் மௌன அஞ்சலி செலுத்திவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தை எனக்குக் கொடுங்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "நான் வாரேன்" என்று சொல்லுங்கள்.

நான் உட்காரவில்லை. இங்கேயே நிற்கிறேன்.