வந்து சேர்ந்ததா என்று கேட்டவருக்கு

சிங்கப்பூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1988 நவம்பரோடு ஓய்வு பெறும் திருமதி உர்சுலா அருளானந்தம் அவர்களுக்கு, தொலைபேசித் தொடரின் ஆசிரியர்கள் அவையில் படித்தளிக்கும் மடல்

அன்பும் அறமும் அடக்கமும் ஒருங்கே அமைந்த ஆசிரியப் பெருந்தகையே! சிராங்கூன் சாலையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு தொலைபேசியின் முன் அமர்ந்து, சிதறிக் கிடந்த எங்களைச் சேர்த்துக் கட்டியவரே! வணக்கம்.

பாராட்டு மடலில் குறை எதையும் சொல்லக்கூடாது என்பது வழக்கம். இந்த மடலில் ஒரு குறை வரும். அது உங்களுடையது அன்று. அதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட எங்களுக்கு உரிமை இல்லை என்பதால் சொல்கிறோம்.

தனிமையைத் தகர்த்தவரே!

நாம் ஒன்றாகப் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி, சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லாமல் 1975இல் மூடப்பட்டது. ஆளுக்கொரு ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப்பட்டோம். ஆயிரம் பிள்ளைகள், நாற்பது ஆசிரியர்கள், அவர்களுள் தமிழுக்கு ஒரே ஒருவர். ஒருவருக்கு விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை வகுப்பறை ஆயிற்று. இன்னொருவருக்குக் கேண்டீனின் கடைசி மேசை. பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. நாள் முழுதும் தமிழில் ஒரு பெரியவரோடும் பேசாமல் வீடு திரும்பிய நாள்கள் எங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அடுத்த ஆண்டே நீங்கள் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசியைக் கையில் எடுத்தீர்கள். எழுத்தர் யூசுப் அன்று சொன்னதை அவரே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். “மூணே நிமிசம்தான் டீச்சர். பிரின்சிபால் வெளிய வந்தா நான் உங்களப் பாக்கவே இல்ல லா.” நீங்கள் மூன்று பேரை அழைத்தீர்கள். அந்த மூவரும் ஆளுக்கு மூவரை அழைத்தார்கள். அதுவே நம் தொலைபேசித் தொடர் ஆயிற்று. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய செய்தி, ஐந்தரைக்குள் இருபத்து மூன்று பள்ளிகளை எட்டியது. எந்தப் பாடம் எங்கே இடறுகிறது, எந்தப் பயிற்சித் தாள் யாரிடம் உண்டு, எந்த ஆசிரியர் படுத்துவிட்டார், அவர் வகுப்பை யார் பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் கம்பி வழியாக வந்தன. ஜூரோங்கில் தயாரித்த வினாத்தாள் மறுநாள் பேருந்தேறிப் பிடோக்கிற்குப் போனது. ஒருவர் கண்டது இருபத்து மூவருக்கும் உதவிற்று.

பின்னர் பெற்றோர் வந்தார்கள். பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் கடிதம் அவர்களுக்குப் புரியவில்லை; அதைத் தமிழில் சொல்லவும் தொடர் வேண்டியிருந்தது. பிலோமினம்மாள் என்ற தாய், மகனின் தேர்ச்சிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை அழைத்தார்.

“சிவப்பு மையில என்னமோ எழுதியிருக்கு டீச்சர். நல்லதா கெட்டதா?”

“நல்லத எழுத யாரும் சிவப்பு மை எடுக்க மாட்டாங்கம்மா. எழுத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

“மொத எழுத்து கூர மாதிரி. நடுவுல ஒரு குறுக்குக் கம்பு.”

கூரையும் கம்பும் கொக்கியும் வளையமுமாக அவர் சொல்லச் சொல்ல, நீங்கள் எழுத்தெழுத்தாக எழுதி, முழு வாக்கியத்தையும் படித்துப் பொருள் சொன்னீர்கள். யூசுப்பின் மூன்று நிமிடம் அன்று நாற்பது நிமிடம் ஆயிற்று.

பழியைத் தோளில் சுமந்தவரே!

1981ஆம் ஆண்டு இறுதியில் நடந்ததை இந்த அவையில் பலர் அறிவார்கள். தவறாக அறிவார்கள்.

பொங்கோலில் கோழிப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்த தங்கராஜுவின் மகள் கண்மணி அப்போது மூன்றாம் வகுப்பு. தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் அவளை மெதுவாகக் கற்போர் பிரிவுக்கு அனுப்புவதாக அவள் பள்ளி முடிவு செய்தது. ஒப்பாத பெற்றோர் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் ஆங்கிலத்தில் போயிற்று. தேர்வு வாரத்தில் அவள் காய்ச்சலோடு எழுதினாள் என்பது உங்களுக்குத் தெரியும். தந்தை வந்து சொன்னால் பள்ளி கேட்கும் என்றும் விசாரித்து வைத்திருந்தீர்கள். திங்களன்று தொடரில் செய்தியை அனுப்பினீர்கள். தங்கராஜு வீட்டில் தொலைபேசி இல்லை. பண்ணைக்கு அருகிலிருந்த மளிகைக் கடையை அழைத்துச் சொல்ல வேண்டியவர் எங்களுள் ஒருவரான சுந்தரம்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வருகைப் பதிவேட்டில் பிள்ளை வாசலில் தெரியும்போதே குறி போட்டுவிடுவோம் அல்லவா, அதே கை, தொடரின் பட்டியலிலும் முதலில் சரிக்குறி போட்டுவிட்டுத்தான் எண்ணைச் சுழற்றும். சுந்தரம் குறி போட்டார். கடையை இருமுறை அழைத்தார். இருமுறையும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மாலை நேர வகுப்புக்கு மணி அடித்தது, எழுந்து போனார். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தபோது குறி இருந்தது. சொல்லியாயிற்று என்று தாமே நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த திங்கள் தங்கராஜு உங்கள் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். விடுமுறைக்கு முந்திய கூட்டம் என்பதால் நாங்கள் பலரும் அங்கே இருந்தோம்.

“ஊரு முழுக்கச் சொன்னீங்க டீச்சர். எனக்கு மட்டும் சொல்லாம விட்டீங்களே. என் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. “பட்டியல் என்னுதுங்க. தப்பும் என்னுதுதான்” என்றீர்கள்.

சுந்தரம் இரண்டடி தள்ளி நின்றார். அந்தப் பட்டியல் அவருடைய சட்டைப் பையில் மடித்திருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. பின்னர் எங்களுள் இருவரிடம் சொன்னார், அவர்களும் திறக்கவில்லை. ஓராண்டுக்குள் நாங்கள் எல்லோரும் அறிந்தோம். நீங்கள் அறிந்தீர்களா என்பது மட்டும் தெரியாது. நீங்கள் கேட்டதும் இல்லை.

கண்மணி போன பிரிவில் தமிழ் பேச்சோடு நின்றுவிட்டது. எழுதப் படிக்கச் சொல்லித் தருவதில்லை. அதற்காக நீங்கள் சனிக்கிழமைதோறும் பொங்கோலுக்குப் பேருந்தேறிப் போனீர்கள். ஒன்றரை ஆண்டு போனீர்கள். ஒருநாள் தங்கராஜு வாசலிலேயே நிறுத்தினார். “இனிமே வராதீங்க டீச்சர். நீங்க வர வர எங்களுக்கு என்ன போச்சுன்னு ஞாபகம் வருது.” இதை எங்களிடம் சொன்ன நாளில் உங்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை தவறிய உடனேயே தொடருக்கு ஒரு புது விதியும் செய்திருந்தீர்கள். செய்தி கேட்ட கடைசி ஆள் முதல் ஆளைத் திரும்ப அழைத்து, வந்து சேர்ந்தது என்று தம் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை முதல் ஆள் இருக்கையை விட்டு எழக்கூடாது. ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு திங்களும் நீங்கள் எழவில்லை. மழையில் கம்பி பழுதான நாள்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த விதிக்குப் பின் ஒரு பிள்ளையின் செய்தியும் தவறவில்லை. உங்கள் முதல் அழைப்பு எங்களை ஒன்று சேர்த்தது. உங்கள் காத்திருப்பு எங்களை ஒழுங்காக வைத்தது. அந்தக் காத்திருப்புக்குக் காரணமானவர்கள் நாங்கள் என்பதை மறைத்துக்கொண்டே, அதன் பயனை நாங்களும் அனுபவித்தோம்.

வரும் ஆண்டு அலுவலகத்துக்குக் கணினி வருகிறதாம். பள்ளிகள் தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தாலேயே பேசிக்கொள்ளும் காலம் அருகில் என்கிறார்கள். “மெசினே எல்லாருக்கும் அனுப்பிடும் டீச்சர், நீங்க ஃபோனத் தொடவே வேணாம் லா” என்று யூசுப் மகிழ்ச்சியோடு சொன்னார். “போய்ச் சேந்துச்சான்னு அது திரும்பச் சொல்லுமா யூசுப்?” என்று கேட்டீர்கள்.   கருவி எதுவானாலும் அந்தக் கேள்வியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பைச் சுந்தரமே கேட்டு வாங்கினார். எழுதும் முன் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நாங்கள் அனைவரும் முடிவு செய்தோம். சென்ற ஞாயிறு, பாசிர் ரிஸ்ஸில் புதிதாகக் குடியேறியிருக்கும் தங்கராஜுவின் வீட்டுக்குப் போனோம். சுந்தரம் பழைய பட்டியலை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். தங்கராஜு அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

“ஏழு வருசமா அந்தம்மாவத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். பிறகு, “இத அன்னிக்கே சொல்ல ஒங்களுக்கு என்னங்க கேடு?” என்றார். 

கண்மணிக்கு இப்போது பதினாறு வயது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று ஞாயிறு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையோடு கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எங்கள்மேல் கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. “டீச்சர் ஃபோன் நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். எழுதிக் கொடுத்தோம். நம்பரைப் படித்தாள். கீழே தமிழில் எழுதியிருந்த உங்கள் பெயரைப் படிக்க வராமல் விரலால் தொட்டு, “இதான் டீச்சர் பேரா?” என்று கேட்டாள்.

ஆசிரியப் பெருந்தகையே! உங்கள் உடல் நலம் பெறுக. உங்கள் நாள்கள் நீளுக. நீங்கள் பிடித்திருந்த பாரம் இன்றோடு எங்கள் தோளுக்கு வருக. இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். சுவரில் மாட்டுவதும் பெட்டியில் வைப்பதும் உங்கள் விருப்பம்.

ஒரு வேண்டுகோள். மாலை வேளையில் உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தால் எடுங்கள். அவள் அழைப்பாளா என்று சொல்ல எங்களால் இயலாது. ஏழு ஆண்டு பிந்தி நாங்கள் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், அவ்வளவே. பட்டியலில் பொங்கோல் என்ற வரிக்கு எதிரே இருந்த பழைய குறியை அழித்துவிட்டோம். புதுக்குறி இன்னும் போடவில்லை.

இவண்,
தொலைபேசித் தொடரின் இருபத்து இரண்டு ஆசிரியர்கள்
சிங்கப்பூர், 18 நவம்பர் 1988