மாண்டலின் ஒட்டிய மாலை

கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத்தான் பரணில் ஏறினேன். பழைய மெத்தைக்குப் பின்னால் அப்பாவின் மாண்டலின் கிடந்தது. கம்பிகள் துருப்பிடித்திருந்தன, மேல் பலகை ஒரு பக்கம் பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது. கீழே கொண்டுவந்து துடைத்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் அதை அண்ணன் மட்டும்தான் தொடலாம். நான் கிட்டே போனாலே அப்பா முறைப்பார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறல் முற்றி அண்ணன் படுக்கையில் விழுந்தபோது, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு ஓடியவன் நான்தான். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு உடம்புதான் படுத்திருந்தது. வாய் வீடு முழுக்க நடமாடியது. பக்கத்து அறையில் நான் பழைய பசையைச் சுரண்டும் சத்தத்தை வைத்தே குறை சொல்வார்.

"மெதுவாடா, ஓட்டை போட்டுறப் போற."

சிரித்துக்கொள்வேன். சுரண்டி, தேய்த்து, புதுக் கம்பிகள் வாங்கி வைத்தேன். பலகையை ஒட்டுவதுதான் பாக்கி. அன்று மத்தியானம் ஊட்டும்போது சொன்னார்:

"சரியானதும் அக்கா வீட்டுக்கு அனுப்பிடு. அவ பையன் கத்துக்கட்டும். நீ வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?"

சரி என்றேன். வாயைத் துடைத்துவிட்டேன். அறையையும் பெருக்கினேன். தலைமாட்டில் இருந்த இன்ஹேலர் மருந்தைத் தூசு படாமல் அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

மாலையில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சினேன். தச்சர்கள் மரத்துக்குப் போடுவது. சூட்டோடு ஒட்டிவிட வேண்டும். தடவிவிட்டு எழுந்து போனால் உறைந்துபோய் மொத்த வேலையும் பாழ். பாதி தடவியிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி... மருந்து எடுடா..."

"இதோ வந்துட்டேண்ணா" என்று குரல் கொடுத்தேன்.

பசை உறைந்துவிடுமே என்று எழாமல் இருந்துவிட்டேன் என்றுதான் சாவுக்கு வந்த அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ என்னடா பண்ணுவ? ஒரு நிமிஷம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதானே. உன் மேல தப்பே இல்ல."

அவள் திட்டியிருந்தால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

பாவம், அவளுக்கு வஜ்ஜிரத்தைப் பற்றித் தெரியாது. அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அண்ணன் இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை முறுக்கி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அவர் குரல் அடங்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.