ஒகோலா மீன் தொடமாட்டான்

டீயை ஆறவிடாதீர்கள் ஐயா. கிசுமுவிலிருந்து நாலு மணி நேரம் புழுதியில் வந்திருக்கிறீர்கள். மண்டாசியும் எடுத்துக்கொள்ளுங்கள், மாவு உருட்டி இப்போதுதான் எண்ணெயில் பொரித்து எடுத்தேன். வயிற்றில் ஏதாவது இருந்தால் கேட்கிறவருக்கும் பொறுமை வரும்.

என் பெயர் பெரெஸ் அபொண்டி. இந்த ஏரி ஆய்வு நிலையத்தில் பதினோரு வருடமாகச் சமைக்கிறேன். டாக்டர் ஒடென்யோ பொய்யாக எழுதினார் என்று சொல்லி அவர் வேலையைப் பறிக்க வந்திருக்கிறீர்கள். அவர் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. செய்தது நான்.

மாதாமாதம் டாக்டர் படகுத்துறையில் முப்பது ம்புட்டா மீன் வாங்குவார். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். வயிற்றுக் கொழுப்பில் முட்டையளவு வெட்டிப் புட்டியில் போட்டுக்கொண்டு, மிச்ச மீனைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவச் சொல்வார். அதே சமயம் இங்கே வேலை செய்யும் எட்டுப் பேரும் பீன்ஸ் தின்றார்கள். இரண்டு வருடம் மீன் தின்னாமல் இருந்தால் அவர்கள் ரத்தத்தை மீனவர்களின் ரத்தத்தோடு ஒப்பிடலாமாம். மீன் தின்றே வளர்ந்த ஏரிக்கரை லுவோக்காரனிடம் மீன் தின்னமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதை நம்பவும் செய்தார். அவ்வளவு படிப்பு, அவ்வளவு வெகுளி.

ஒருநாள் குழிப்பக்கம் நின்று கேட்டேன்.

"நல்ல மீனைப் புதைக்கிறீங்களே டாக்டர், அதுக்கு என்ன சீக்கு?"

"சீக்கு இல்லம்மா. உங்கப்பா காலத்துல பருத்திக்கு அடிச்ச பூச்சிமருந்து. இன்னும் போகாம உக்காந்திருக்கு."

சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சமையலறைக் கதவில் படம் போட்டார். ஆறு மூலை வளையம் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டு குளோரின். அந்தக் குளோரின்தான் காவலாம். கிருமி கடித்துப் பிய்க்க இடுக்கு கிடைக்காது. தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்பைக் கண்டால் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்புறம் எழாது. இப்போது வரும் மருந்துகளின் உருவம் வேறாம். தண்ணீர் பிடித்து இழுக்க அவற்றில் கைப்பிடி இருக்கும், சில வாரத்தில் உடைந்து போய்விடும் என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தம்பிகள் இரண்டு பேர். ஒருவன் வருவான், எல்லோரோடும் கலந்து பேசுவான், சாயங்காலம் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். இன்னொருவன் நியாங்வெசோ. எந்த வீட்டில் நெய் மணக்கிறதோ அங்கே படுத்துவிடுவான். எங்கள் வீட்டில் பதினாலு வருடம் படுத்திருந்தான். திட்டியும் பார்த்தோம், ஜெபமும் செய்து பார்த்தோம்.

"அப்போ இது நியாங்வெசோ," என்றேன்.

"அவரேதாம்மா," என்றார் டாக்டர். அவருக்கும் நியாங்வெசோவைத் தெரியும்.

நியாங்வெசோ எங்கள் வீட்டைவிட்டுப் போனது எப்போது தெரியுமா? என் நாத்தனார் கறிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்ட வாரம். அதைவிடக் கொழுப்பான வீடு கிடைத்தது, போய்விட்டான். அதையே நான் மீனுக்குச் செய்தேன். மெல்லிசாக நறுக்கி, சட்டி நிறைய எண்ணெய் விட்டு, சின்னத் தீயில் வெகுநேரம் போட்டுவைத்தேன். சின்னக் கொழுப்பை விட்டு விஷம் பெரிய கொழுப்புக்குப் போய்விடும். மீன் சுத்தம். படிக்காதவள் யோசித்ததில் தப்பில்லை என்று டாக்டரே ஒருநாள் சொல்வார் பாருங்கள்.

அந்த மாதத்திலிருந்து குழிக்குப் போனது செதிலும் முள்ளும்தான். உகாலிக் களிக்கு அடியில் மீன், மேலே பீன்ஸ். டிரைவர் மட்டும் ஒருதரம் வாயைத் திறந்தான்.

"அக்கா, இன்னைக்கு பீன்ஸ்ல முள்ளு கெடக்கே."

"பாத்துத் தின்னு," என்றேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வேலை வேண்டும், மீனும் வேண்டும்.

ரத்தம் எடுத்தார்கள். மீனே தின்னாத எட்டுப் பேருக்கும் மீனவர்களைவிட மூன்று மடங்கு விஷம். டாக்டர் இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினார். இப்படி எங்கும் நடக்காது, இவர் கற்பனை செய்கிறார் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். மூன்று வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

அந்த எண்ணெயை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஏரியில் கொட்டவில்லை ஐயா, எனக்கும் மனசாட்சி இருக்கிறது. கொட்டினால் மறுபடி மீனுக்குத்தானே போகும்? சட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வேன். இன்னொரு சட்டி வேண்டுமென்று மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. பொரிப்பதெல்லாம் அந்த ஒரே சட்டியில்தான். அதனால் என்ன, கொழுப்பில் படுத்தது எழாது. டாக்டர் சொன்னது, நான் சொன்னதல்ல.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். உகாலிக்கு அடியில் மீன் போட்டவள் பெரெஸ் அபொண்டி. டாக்டர்மேல் குற்றமில்லை. கையெழுத்து எங்கே வேண்டும், இங்கேயா?

ஒரு விஷயம்தான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எட்டுப் பேரிலும் அதிக விஷம் வாட்ச்மேன் ஒகோலாவுக்குத்தான். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அவன் மீன் தொடமாட்டான். நான் ஒருநாளும் அவன் தட்டில் மீன் வைத்ததில்லை. பாவம், காலையில் ஆறு மண்டாசி, சாயங்காலம் ஆறு மண்டாசி, அதோடு சரி.

ஏன் ஐயா, தட்டைத் தள்ளி வைக்கிறீர்கள்? சூடாகத்தானே இருக்கிறது.