சஹனைச் சுற்றி ஆறு இலத்திரன்கள்

அவைக்கு அணி செய்யும் தலைவி, எங்கள் அதிபர் சித்தி றலியா அவர்களே! இந்தப் பாடசாலைச் சுவரைத் தன் வீட்டுச் சுவராய் எண்ணிக் காக்கும் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் மக்கீன் ஹாஜியார் அவர்களே! அலவத்துகொடைப் பெரியோர்களே! பிள்ளைகளை முன்னால் அனுப்பிப் பிரார்த்தனையைப் பின்னால் அனுப்பும் பாசமிகு தாய்மார்களே! ஆய்வுகூடத்தைத் திறக்கும் முன்பே யன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்ட மாணவிச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்! என் அன்பு வணக்கம்!

நான் புசல்லாவைக் கறுப்பையாவின் மகள் சர்மிளா. உங்கள் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிப்பவள். அணுவைப் பற்றிச் சுருக்கமாகப் பேசு என்றார்கள். அதிபர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்!

அணுவுக்குள் என்ன இருக்கிறது? நடுவிலே கரு, அதைச் சூழ்ந்து இலத்திரன்கள். அவை சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் சுற்றுகின்றனவா? இல்லை! ஓர் இலத்திரன் இந்தக் கணத்தில் இங்கேதான் இருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்ல எவராலும் முடியாது. இருக்கக்கூடிய இடத்தைத்தான் சொல்லலாம். அப்படியானால் அங்கே கூச்சலா, குழப்பமா, குடுமிப்பிடிச் சண்டையா? அதுவும் இல்லை! அங்கே இருப்பது ஒழுங்கு. ஓரிடத்தில் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. அப்படி மூன்று இடங்கள் சேர்ந்த வரிசையில் ஆறுதான் இருக்கலாம். ஆறு! அந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

ஹாஜியார், உங்கள் சின்ன மகள் ஷஹ்மாவின் கதையைச் சொல்லட்டுமா? தலையாட்டுகிறார். பிறகு கோபிக்கக்கூடாது!

உயர்தர வகுப்பில் ஒரு சோதனை. நைதரசன் அணுவின் கடைசி மூன்று இலத்திரன்களை, இடத்துக்கு ஒன்றாய்த் தாளில் வரைந்த மூன்று பெட்டிகளில் பெட்டிக்கு ஒன்றாய்ப் போட வேண்டும். ஷஹ்மா முதற் பெட்டியில் இரண்டை இருத்தி, அடுத்ததில் ஒன்றை வைத்து, கடைசிப் பெட்டியை வெறுமையாய் விட்டிருந்தாள். ஏன் மகள் என்று கேட்டேன்.

"எங்கட ஊட்ல விருந்துண்டா ஒரு சஹன் நெரம்பாம மத்த சஹன் வெக்க மாட்டாங்க டீச்சர். ஒத்தாளத் தனியா உக்கார வெக்கிறது மரியாத இல்லியே?"

உங்களுக்குச் சஹன் தெரியும். எனக்கு அன்று தெரியாது. பெரிய வட்டத் தட்டு, நடுவே சோறும் இறைச்சியும், சுற்றி ஆறு பேர். ஆறாவது ஆள் அமராமல் மூடியைத் திறப்பதில்லை என்று அவள்தான் விளக்கினாள்.

நான் எங்கள் ஊர் பஸ்ஸைச் சொன்னேன். கண்டியில் நிற்கும் பஸ்ஸில் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் ஆளில்லாத சீற்றாகப் பார்த்து, யன்னலோரம் அமர்ந்து, பக்கத்தில் பையை வைப்பார். எல்லாச் சீற்றிலும் ஒருவர் இருந்த பிறகுதான் பை மடிக்கு வரும். இலத்திரன்களும் அப்படித்தான், எல்லாமே மறை ஏற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும் என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நாங்க த்ரீவீல்லதானே டீச்சர் போற. அதுல எல்லாரும் ஒட்டிக்கிட்டுத்தான் ஈக்கணும்!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் கெமிஸ்ட்ரி சரிவராது டீச்சர். அடுத்த கிழம ஆர்ட்ஸுக்கு மாறப் போற" என்றாள். வகுப்பிலே ஏன், எதற்கு என்று கேட்கும் ஒரே வாய் அவள் வாய். அந்த வாய் போய்விட்டால் நான் யாருக்குப் படிப்பிப்பேன்? வீடு போய்ச் சேரும்வரை மனம் ஆறவில்லை.

அந்த வாரமே அவளுடைய அக்கா, நுஸ்ஹா ராத்தாவுக்குக் கலியாணம். கம்பளை வழியாக வரும் பஸ்ஸின் புண்ணியத்தில் நான் பிந்திப் போனேன். பெண்கள் பக்கத்தில் எனக்குக் கிட்ட இருந்த சஹன்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. புதுப் பாய் விரித்து என்னை இருத்தினார்கள். நான் மட்டும் தனியே! மண்டபத்தின் அந்தக் கோடியில் ஐந்து பெண்கள் மூடிய சஹனைப் பார்த்தபடி இருந்தார்கள். ஷஹ்மாவின் உம்மா பஸ்லினா குரல் கொடுத்தார்: "ஒராள் கொறயுது! யாராச்சும் வாங்களே!"

கை கழுவத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த ஷஹ்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், அந்த ஐவரைப் பார்த்தாள். செம்பை வைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எழும்புங்க டீச்சர்! நீங்கதான் சோடியத்துட கடைசி இலத்திரன்! அந்தா ஈக்கிறது குளோரீன், ஒராளுக்காகக் காத்துக்கிட்டு ஈக்கி!"

மணப்பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்! நான் போய் அமர்ந்தேன், மூடி திறந்தது. என் காதருகே குனிந்து ஷஹ்மா சொன்னாள்: "நைதரசனுக்கு நீங்க மார்க் வெட்டினதும் சரிதான் டீச்சர். விருந்தாளிக்குக் கூட்டம் புடிக்கும், இலத்திரனுக்குப் புடிக்காது. வேற எடமில்லாட்டித்தான் சோடி சேரும்."

"அப்ப ஆர்ட்ஸ்?" என்றேன்.

"போகல்ல!"

அன்று நான் உண்ட சோற்றின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது. பெரியோர்களே, சோடியம் தண்ணீரில் விழுந்தால் தீப்பற்றும்! குளோரீனைச் சுவாசித்தால் மூச்சடைக்கும்! தனியே நின்ற தன் கடைசி இலத்திரனைச் சோடியம் கொடுத்தது, கடைசி வரிசையில் ஐந்தோடு காத்திருந்த குளோரீன் அதைப் பெற்றது, இரண்டும் உறுதி கொண்டன. இன்று அவை உங்கள் கறிச்சட்டியிலே உப்பாய் இருக்கின்றன! கொடுத்ததால் சோடியம் குறைந்ததா? பெற்றதால் குளோரீன் தாழ்ந்ததா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

ஷஹ்மா இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். அதோ மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு இருப்பவள் அவள்தான். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். துடைக்கட்டும், எனக்கும் கண் கலங்குகிறது.

புதிய ஆய்வுகூடத்தின் முதல் மேசையில் ஆறு கதிரைகள் போட்டிருக்கிறோம். இரசாயனம் படிக்க ஐந்து பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். தனக்கு இது சரிவராது என்று நினைத்து ஒரு பிள்ளை இந்தக் கூட்டத்தில் எங்கோ ஒதுங்கி இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஷஹ்மாவின் உம்மாவின் வார்த்தையிலேயே சொல்கிறேன்: ஒராள் கொறயுது, வாங்களே!

அதிபர் எழுந்துவிட்டார், முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், அன்று எனக்கு இடம் தந்த அந்தச் சஹனுக்கும் நன்றி...

யாரது, தூணுக்குப் பக்கத்தில் எழும்புவது? தண்ணீர் குடிக்கவா மகள்? இல்லையா? பெயர் தரவா?

வாங்க மகள், மேடைக்கே வாங்க. கைதட்டுங்கள் தாய்மார்களே, சஹன் நிரம்பிவிட்டது! வணக்கம், வஸ்ஸலாம்!