மூங்கில் தரையும் ஐஸ் பெட்டியும்

நடுவர் அவர்களே... எதிரணியில பேசின தம்பி என்ன சொன்னாரு? "வீடுன்னா உள்ள வர்றவன் மூக்கு மேல விரல வைக்கணும்"னாரு. நீங்களும் கைதட்டினீங்க. சரி, வர்றவன் விரல் எங்க வேணா இருக்கட்டும். வீட்ல இருக்கறவன் கதி என்ன? அதுக்கு ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், சொல்றேன் கேளுங்க.

மன்னார்குடிப் பக்கம் தட்சிணாமூர்த்தின்னு ஒருத்தர். எனக்குத் தூரத்துச் சொந்தம்... இப்ப இன்னும் கொஞ்சம் தூரமாயிட்டாரு. இவரு எங்கயோ ஒரு ஓட்டல்ல தங்கினப்ப மூங்கில் தரையப் பாத்திருக்காரு. மூங்கில அறுத்து, அழுத்தி, மெருகேத்தி, பலகை பலகையாப் பதிச்சிருக்கான். தேன் நிறம். குனிஞ்சா முகம் தெரியுது. விடுவாரா? நேரா கடைக்குப் போயிட்டாரு.

கடைக்காரர் நல்ல மனுஷன், ஒண்ணும் மறைக்கல. "சார், வீட்ல தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"தண்ணி தேங்கினா மூங்கில் உப்பிடும் சார், விரிசல் விடும். உங்க ஊருல ஐப்பசி கார்த்திகைன்னா சுவரே ஈரமா இருக்கும். ஆசையா இருந்தா மாடி ரூமுக்குப் போடுங்க. கீழ வேண்டாம்."

விக்கிறவனே வேண்டாங்கறான். நம்ம ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? "தண்ணி ஊத்திக் கழுவ நாங்க என்ன மாட்டுக் கொட்டகையா வச்சிருக்கோம்?"

அடேயப்பா... என்ன ஒரு பதில். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டக் கழுவி விட்ட பரம்பரைங்க அது. ஒரு ஓட்டல்ல ரெண்டு நாள் தங்கினதுல அது மாட்டுக் கொட்டகையாயிடுச்சு.

தரை போட்டாச்சு. அன்னையிலேர்ந்து அந்த வீட்ல சட்டமே வேற. பூஜை ரூம்ல கோலம் கிடையாது. சொம்புக்கு அடியில துண்டு. இவரோட அப்பா கலியபெருமாள், எண்பத்து மூணு வயசு, அந்த வீட்ட வெயில்ல நின்னு கட்டினவரு. அண்ணாந்துதான் தண்ணி குடிப்பாரு. கை நடுங்கும், நாலு சொட்டு சிந்தும். மகன் வந்து சொல்றாரு, "அப்பா, இனிமே ஸ்ட்ரா போட்டுக் குடிங்க." சிரிக்கிறீங்க... அந்தப் பெரியவரு எட்டு மாசம் தன் சொந்த வீட்ல ஸ்ட்ரா போட்டுத்தான் தண்ணி குடிச்சாரு.

ஐப்பசி வந்துச்சு. அடைமழை. ஒருநாள் காலையில பெரியவரு எழுந்திரிக்கல. போயிட்டாரு.

தட்சிணாமூர்த்திக்கு ஒரு அக்கா, செண்பகவல்லின்னு பேரு. தஞ்சாவூர்லேர்ந்து அடிச்சுப் பிடிச்சு ஓடி வருது. வண்டிய விட்டு இறங்கி நேரா நடுவீட்டுக்குப் போகுது. நம்ம ஊருல ஒருத்தர் இறந்தா எங்க கிடத்துவோம்? நடுவீட்டுலதானே? தலைமாட்டுல விளக்கு ஏத்தி வைப்போம். அங்க போய்ப் பாத்தா அப்பா இல்ல. விளக்கு இல்ல. தரை மட்டும் பளபளன்னு இருக்கு.

அப்பா எங்க? கார் ஷெட்ல. ஆமாங்க... காரப் பக்கத்து வீட்டுல பத்திரமா நிறுத்திட்டு, அந்த இடத்துல ஐஸ் பெட்டிய வச்சு அப்பாவக் கிடத்தியிருக்காரு.

"ஏண்டா தம்பி, அப்பாவ ஏண்டா வெளிய போட்டிருக்க?"

"வெளிய இல்லக்கா. மேல ஷீட் இருக்கு."

"நடுவீட்டுக்கு என்னடா கேடு?"

"ஐஸ் பெட்டிக்கு அடியில தண்ணி ஒழுகும்க்கா. வர்றவங்க எல்லாம் ஈரக் காலோட வருவாங்க. அப்பாவ எடுத்த பிறகு வீடு பூரா கழுவி விடணும்பீங்க. தரை தாங்காதுக்கா... கடைக்காரரே சொல்லியிருக்காரு."

இதுல மட்டும் கடைக்காரர் பேச்சு வேதவாக்கு! நானும் அங்க குடை பிடிச்சிக்கிட்டு நின்னேன். சாரல் அடிச்சு அடிச்சு பெட்டிக் கண்ணாடியில முகமே தெரியல. யாரோ ஒருத்தர் தோள்ல கிடந்த துண்டால துடைச்சு விட்டுக்கிட்டே இருந்தாரு. துடைச்சவரு மகன் இல்ல.

அக்கா அழல. வாசல்ல ரெண்டு பேரு மழையில நனைஞ்சிக்கிட்டே பாடை கட்டிக்கிட்டு இருந்தாங்க. அதக் கையக் காட்டிக் கேட்டுச்சு, "தம்பி, அங்க வெட்டிக் கட்டுறாங்களே, அது என்னடா?"

"...மூங்கில்க்கா."

"அது நம்ம அப்பாவத் தாங்குதேடா. உன் வீட்டுல கிடக்கறது தாங்காதா?"

ரோஷம் உள்ளவனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? அந்த நிமிஷமே நாலு பேரக் கூப்பிட்டுப் பெட்டிய உள்ள தூக்கிட்டுப் போயிருப்பான். இவரும் உள்ளதான் போனாரு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்கிறோம்... போனாரு... ஜன்னலச் சாத்திட்டுத் திரும்பி வந்தாரு. சாரல் தரையில படுதாம்.

தரை இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு, ஒரு கீறல் இல்ல. அக்கா குளக்கரையில கருமாதிக்கு வந்துட்டு, அப்படியே பஸ் ஏறினதுதான். அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படியே ஏறல.

நான் மூங்கிலக் குத்தம் சொல்லலைங்க. அது பாவம், எங்க போட்டாலும் கிடக்கும். காஞ்ச ஊரு, துடைச்சுப் பழகின வீடுன்னா தாராளமாப் போடுங்க. ஆனா இங்க இத்தனை பேரு வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்க, உங்களக் கேக்கறேன். தரைக்கு நிறம் பாக்கறீங்க, மெருகு பாக்கறீங்க, எத்தனை வருஷம் உழைக்கும்னு பாக்கறீங்க. அதுல நம்ம வீட்டுக் குழந்தை மூத்திரம் போகலாமான்னு கேட்டீங்களா? பால் பொங்கி வழியலாமான்னு கேட்டீங்களா? நம்மள ஒருநாள் கிடத்த அதுல ஆறடி இடம் உண்டான்னு கேட்டீங்களா? இதெல்லாம் நடக்கற இடத்துக்குத்தாங்க வீடுன்னு பேரு. இதெல்லாம் தாங்காத தரைய யாரு போட்டுக்கலாம் தெரியுமா? சாகவே போறதில்லைன்னு எழுதி வாங்கிக்கிட்டு வந்திருக்கான் பாருங்க... அவன் போட்டுக்கட்டும்.