அந்த இரண்டாவது மாத்திரை

டீயில் இவ்வளவு சர்க்கரை போட்டால் தேயிலையின் ருசி எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்குவதில்லை. பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம், இன்ஸ்பெக்டர். எழுதுகிறவருக்குக் கை வலிக்காத வேகத்தில் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் தண்டாயுதபாணி. சொந்த ஊர் பழனி. டாக்டராக வேண்டியவன், கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிப்போய் மருந்தாளுநர் படிப்பு படித்தேன். பழனியில் தெருவுக்குத் தெரு மருந்துக்கடை. அதனால் கொடைக்கானல் மலையேறி வந்து கூக்கால் கிராமத்தில் கடை போட்டேன். படித்தவன் ஒருவன் வந்தால் ஊர் அவனைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று அப்போது நினைத்தேன்.

கூக்கால்காரர்களை உங்களுக்குத் தெரியாது. பூண்டுக்கு அடிக்கிற மருந்தை எத்தனை மூடி கலக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்கள். தங்கள் உடம்புக்கு என்றால், "அந்த மஞ்சக் கலரு மாத்திரைல ரெண்டு குடுங்க" என்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று நான் சொல்லத் தொடங்கும்போது முதுகைக் காட்டியிருப்பார்கள். நான் அந்த முதுகுகளிடம்தான் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

செல்லப்பாண்டி அவர்களில் கொஞ்சம் கெட்டிக்காரன், அதாவது வாய் உள்ளவன். என்னை முதன்முதலில் 'மாத்திரைக்காரரே' என்று கூப்பிட்டவன் அவன்தான். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது. ஒருநாள் டீக்கடையில் யாருக்கோ நான் ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். செல்லப்பாண்டி குறுக்கே விழுந்தான்.

"பெட்டிக்கடக்காரன் முட்டாய எடுத்துக் குடுக்குறான். நீங்க மாத்திரைய எடுத்துக் குடுக்குறீக. இதுக்குப் போயி என்னத்துக்குங்க இம்புட்டுப் பேச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் காரியம் செய்கிறவர்கள் வேறு ரகம். அப்படிப்பட்டவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள்.

போன வருஷம் பூண்டு பனியில் கருகிப்போக, செல்லப்பாண்டியும் அவன் தம்பி பொன்னுவேலும் மங்களூர் துறைமுகத்தில் கட்டட வேலைக்குப் போனார்கள். செல்லப்பாண்டி மட்டும் மலேரியாவோடு திரும்பினான். அங்கே மாத்திரை தின்று காய்ச்சல் விட்டிருந்தது. ஊருக்கு வந்தபின் மறுபடியும் பிடித்துக்கொண்டது. கொடைக்கானலில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷர்மிளாவிடம் போனான். அவர் இரண்டு மாத்திரை எழுதினார்.

இதை நிதானமாகக் கேளுங்கள். யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை. முதல் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் இந்த வகை மலேரியா ஈரலுக்குள் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழுந்து வரும். அதை ஒழிப்பது இரண்டாவது மாத்திரை, பிரைமாகுயின். நல்ல மருந்துதான். சிலருக்கு மட்டும் ரத்தத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் இதைத் தின்றால் சிவப்பணுக்கள் உடையும். மூத்திரம் கறுக்கும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை. டாக்டர் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டு, "முதல் மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க. ரெண்டாவதை நான் போன்ல சொன்ன பிறகுதான் தொடணும்" என்று சொல்லியிருக்கிறார். செல்லப்பாண்டியின் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. என் கடை நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் கேட்கக்கூட இல்லை. இரண்டு மாத்திரையையும் என் கடையிலேயே வாங்கிப் போனான்.

டாக்டர் கூப்பிட்டார்.

"அவருக்கு அந்த நொதி ரொம்பக் குறைவா இருக்குங்க. ரெண்டாவது மாத்திரை வேண்டவே வேண்டாம். திருப்பி வாங்கி வச்சிருங்க. என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

சாயங்காலம் செல்லப்பாண்டி வந்தான். கடைக்குள் வரவில்லை, ரோட்டில் நின்றபடியே குரல் கொடுத்தான். "மாத்திரைக்காரரே, டாக்டரம்மா பேசுனாகளா?"

"பேசினார்" என்றேன்.

"ஆரம்பிக்கலாமாமா?"

என்ன பரிசோதனை, எதற்காக, முடிவு என்ன, எதையும் கேட்கவில்லை. முட்டாய் வாங்க வந்தவன் மாதிரி நின்றான். நான், "ஆரம்பிக்கலாம்" என்றேன். அவன் போய்விட்டான். வழக்கம்போல முதுகைப் பார்த்தேன்.

இரண்டு மூன்று நாளில் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். செல்லப்பாண்டியிடம் சொல்லிவிட்டீர்களா, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். சொல்லிவிட்டேன், தோட்டத்தில் சோலி இருக்கிறது என்கிறான், இவர்கள் இப்படித்தான் டாக்டர், என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை போதும்.

அடுத்த நாள் அவன் மனைவி மகாதேவி கையைப் பிசைந்துகொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவுகளுக்கு ஒன்னுக்குப் போறது கடுங்காப்பி மாதிரி போகுதுண்ணே. கண்ணு மஞ்சப் பூத்துக் கெடக்கு. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குறாரு. மாத்திரைய நிப்பாட்டிரவா?"

நான் அவளை உட்காரச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினேன். "காய்ச்சல் வெளியேறுதும்மா, அதான் கறுப்பாப் போகுது. பாதியில நிறுத்துனா மறுபடி வரும். இளநீர் குடு. மாத்திரையை விடாமக் குடு" என்றேன்.

"சரிங்கண்ணே" என்று போனாள். அவளாகவே நிறுத்தியிருக்கலாம். புருஷனின் கண்ணைப் பார்த்தாளே, அது போதாதா? சொந்த புத்தி என்று ஒன்று இருந்தால் அதை எப்போதுதான் எடுப்பார்கள்?

கொடைக்கானலுக்கு ஜீப்பில் கொண்டுபோகும்போது, பூம்பாறை தாண்டியதும் செல்லப்பாண்டி செத்துப்போனான். குடித்துக் குடித்துக் காமாலை வந்து செத்தான் என்று ஊர் பேசியது. அவன் குடிக்கிறவன் இல்லை. அது அவர்களுக்கே தெரியும். இருந்தாலும் அப்படித்தான் பேசினார்கள். டாக்டரிடம், எவ்வளவோ சொன்னேன், கேட்காமல் தின்றுவிட்டான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். சாவு எடுப்புக்குப் போய் மாலை போட்டேன். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கும். நீங்களும் என்னைத் தேடிக் கூக்காலுக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

போன மாதம் பொன்னுவேல் காய்ச்சலோடு ஊர் திரும்பினான். அதே மலேரியா. மங்களூர் ஆஸ்பத்திரியிலேயே அதே இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மகாதேவி அவற்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, "கொழுந்தனுக்கு இதக் குடுக்கலாமாண்ணே? நீங்க படிச்சவுக, நீங்க சொன்னாச் செய்யுறேன்" என்றாள்.

அந்த ஊரில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. என் மனம் குளிர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக விளக்கினேன். முதல் மாத்திரையைக் கொடு, இரண்டாவதைத் தொடாதே, முதலில் ரத்தப் பரிசோதனை செய். இது தாய்வழியாக வருகிற குறை. செல்லப்பாண்டிக்கு இருந்தது, கூடப் பிறந்தவனுக்கும் இருக்கலாம். தெரியாமல் கொடுத்தால் மூத்திரம் கறுத்து, கண் மஞ்சளாகி, ஆளே போய்விடுவான்.

அவள் அசையாமல் நின்றாள்.

"அவுகளுக்கு அந்தக் கொற இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்ண்ணே?"

"டாக்டர்தான் போனில் சொன்னாரே" என்றேன்.

"எப்பண்ணே சொன்னாக?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். நேரே டாக்டர் ஷர்மிளாவிடம் போய்விட்டு உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆமாம், தெரிந்தே சொன்னேன். செல்லப்பாண்டி அதைத் தின்றால் என்ன ஆகும் என்று தெரியும். மகாதேவி வந்தபோது இன்னும் நேரம் இருந்தது என்றும் தெரியும். இதையெல்லாம் நான் மறுக்கப்போவதில்லை. பொன்னுவேலுக்கும் அந்தக் குறை இருக்கிறது என்று நேற்று முடிவு வந்ததாமே. அவன் உயிரோடு இருப்பது என்னால்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மகாதேவியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரிந்தவள், புருஷன் உயிரோடு இருந்தபோதே இப்படி வந்து கேட்டிருக்கலாம். ஒழுங்காகக் கேட்டவர்களுக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.