பதினான்காம் பக்கத்து மென்மை

— "செப்டம்பர் ஒன்பது. உங்கள் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அச்சிட்ட பருத்திக் கையேட்டை நம்பி நான் மோசம் போனேன்." எப்படி தங்கச்சி, சந்தியெல்லாம் சரியா இருக்கா?

— முப்பது வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவர் எழுதினா சரியில்லாம எங்க போகும் அண்ணா? அந்த உறையில என்ன?

— என் வயல் இலை. ஓரமெல்லாம் சுருண்டு, சிவந்து, நெருப்புல வாட்டின மாதிரி கிடக்கு.

— குடுங்க, லென்ஸுக்கு அடியில வைக்கறேன். தத்துப்பூச்சிதான். தொட்டா நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுது பாருங்க.

— நண்டோ நரியோ, அடுத்த வரியைக் கேள். "இதை எழுதியவரைப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும்."

— எழுதினது நான்தான்.

— தெரியும். தங்கைங்கறதுக்காக விதிவிலக்கு கிடையாது.

— ஏற்கனவே மூணு பேரு இதே மாதிரி இலையோட வந்துட்டாங்க. நாளைக் காலையில இயக்குநர் விளக்கம் கேட்டிருக்கார். உங்க கடிதமும் போச்சுன்னா பூச்சிப் பிரிவு என் கையை விட்டுப் போயிடும்.

— எனக்கு நாலு ஏக்கர் போச்சே, அதுக்கு என்ன சொல்றே?

— போகல. இன்னிக்கே கவனிச்சா முக்கால்வாசி தேறிடும், அதுக்கு நான் பொறுப்பு. ஒரு கனமழை அடிச்சாலே பூச்சியைக் கழுவிட்டுப் போயிடும். இந்த வருஷம் வெறும் மூட்டமும் தூறலும், அதான் இப்படிப் பெருகுது. ஆமா, எதைப் பார்த்து ரகம் எடுத்தீங்க?

— உன் பதினான்காம் பக்கம். "வானம் மூடி, தூறலும் ஈரமுமாக இருக்கும் ஆண்டில் இலையில் மென்மை மிகுந்த ரகத்தை விதைக்க." மாதிரித் தோட்டத்துல செடி செடியாத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒண்ணு இருந்தது, அதைத்தான் எடுத்தேன்.

— அது வெயில் காயற வருஷத்து ரகம். வெள்ளை ஈ ஒண்டறதுக்கு அதுல இடம் கிடையாது. ஈர வருஷத்துக்கு மயிர் அடர்ந்த இலைதான் வேணும். தத்துப்பூச்சி முட்டையை இலை நரம்புக்குள்ள சொருகும். மயிர் அடர்த்தியா இருந்தா, எங்க சொருகறதுன்னு திண்டாடும்.

— என்ன வார்த்தை பேசறே, ஆய்வுக்கூடத்துல நின்னுக்கிட்டு? வகுப்புல இந்தச் சொல் வந்தாலே கடைசி பெஞ்சு சிரிக்கும்.

— பூச்சி சிரிக்கறதில்லையே.

— அப்ப "மென்மை"ன்னு ஏன் எழுதினே?

— நான் எழுதல. மூணு பேரு வந்த அன்னிக்கே மூலப்பிரதியைத் தேடி எடுத்துட்டேன். இதோ, "மயிர் மிகுந்த ரகம்". அச்சுக்குப் போனப்போ நான் சோதனைத் திடல்ல பூச்சி எண்ணிக்கிட்டிருந்தேன். யாரோ பச்சை மையில அடிச்சிருக்காங்க.

— எந்த மடையன் அவன்? சொல்லைக் குளிப்பாட்டப் போய்ப் பொருளை மூழ்கடிச்சிருக்கான்.

— திட்டாதீங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. முந்தின பக்கத்துல ஒற்றுப்பிழை பதினேழையும் ஒண்ணு விடாமப் பிடிச்சிருக்கு.

— கொண்டா இப்படி.

— மூணு வருஷத்துக்கு முன்ன, பிழை பார்க்க நம்ம வீட்டுக்கு வந்தப்போ நடந்தது. அப்புறம் ரெண்டு வருஷமும் வறட்சி. மழைமூட்டப் பக்கத்தை யாரும் புரட்டல, அதனால வெளிய தெரியல.

— இதை நாளைக்கு இயக்குநர்கிட்டக் காட்டுவியா?

— மாட்டேன். பிரிவுத் தலைவி நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். எந்தத் திடல்ல கொண்டுபோய் விட்டாலும் எனக்குப் பூச்சி எண்ணத் தெரியும்.

— பேனாவைக் கொடு.

— இந்தாங்க. ஏன் கிழிக்கறீங்க? நல்லாத்தானே எழுதியிருந்தீங்க?

— எழுவாய் தப்பு. இந்தப் புதுக் கடிதத்தை அவர் மேசையில வை, ஒரு படியை வாசல்லயும் ஒட்டு: "பதினான்காம் பக்கத்தில் 'மயிர்' என்பதை அடித்து 'மென்மை' என்று எழுதியவன் நான். கையேட்டை வைத்திருக்கும் நீங்கள் இன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, என் சொல்லை அடித்துவிட்டு, கூசாமல் 'மயிர்' என்று எழுதுங்கள்."